நாக்கில் ஒரு தோல் தொட்டி

சீவிய கடுக்காயை வாயில் போட்டு மென்றால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் நாக்கு சொரசொரக்கும், கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும். எச்சில் ஊறினாலும் வாய் காய்ந்த மாதிரியே இருக்கும்.

ஜவ்வாது மலையில் எங்களுக்கு அது இரண்டாம் நாள். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக வண்டியில் ஏறியிருந்தோம். முதல் இரவு காவலூர்ப் பக்கம். வேணு பாப்பு வான் ஆய்வகம் இந்த மலையில் இருப்பதற்குக் காரணம் இங்குள்ள இருட்டுதான். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகுக்குத் தெரியவந்தது 1977 மார்ச் 10 அன்று செய்த பதிவுகளிலிருந்துதான். அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வைக் கவனித்த தொலைநோக்கிகளில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. அந்த இருட்டைக் கெடுக்க மனம் வராமல், கூடாரத்துக்குள் டார்ச்சைக்கூட அடிக்காமல் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வந்தோம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்கக் கூடாது. சாமை அறுத்து முடிந்த ஒரு கொல்லையில், உடையவரிடம் கேட்டுக்கொண்டு கூடாரம் அடித்தோம். தை மாதம். பள்ளமான இடம் என்பதால் இரவில் மேட்டிலிருந்து குளிர்காற்று தண்ணீர் போல வழிந்துவந்து தேங்கியது. விடியும்போது துணியெல்லாம் சொட்டச்சொட்ட ஈரம். கொல்லைக்காரப் பெரியவர் மரத்தடியில் கிடந்த கடுக்காய் ஒன்றை எடுத்து, இடுப்பிலிருந்த இரும்புக் கத்தியால் சீவிக் கொடுத்தார். "மென்னு துப்பிடுங்க, முழுங்காதீங்க."

அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பு, பெரும்பாலும் தொடு உணர்ச்சி என்கிறது அறிவியல். எச்சிலில் உள்ள சில புரதங்கள் நாக்குக்கு எண்ணெய் பூசியதுபோல் வழுவழுப்பைத் தருகின்றன. காய்ந்த கடுக்காய்ச் சதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின். அது அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. வழுவழுப்பு போனதும் நாக்கு கன்னத்தில் உரசுகிறது. துவர்ப்பு என்று நாம் சொல்வது அந்த உரசலைத்தான்.

தோல் பதனிடும் தொட்டியில் நடப்பதும் இதே பிடிதான். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். கயிறு திரித்தாற்போல மூன்று புரியாக முறுக்கிய இழைகள். டானின் அந்த இழைகளுக்கிடையே புகுந்து, நீர் இருந்த இடத்தைப் பிடித்து, ஒன்றோடொன்றைக் கட்டிப்போடுகிறது. அதன்பின் அழுகவைக்கும் கிருமிகளால் அதைச் செரிக்க முடிவதில்லை. பச்சைத் தோலை நனைத்துச் சூடேற்றினால் 60 முதல் 65 டிகிரியில் சுருண்டுவிடும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் 75, 80 டிகிரி வரை தாங்கும். தோல் பதனிடும் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையோடு கடுக்காயையும் சேர்த்து, வாரக்கணக்கில் தொட்டியில் ஊறவைத்த தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பலேறியது. கீழே பாலாற்றங்கரை ஊர்களைத் தோல் ஊர்களாக ஆக்கியதில் இந்த மலைச் சரக்குக்கும் பங்குண்டு. ஆனாலும் ஆம்பூர் ஷூவைப் பற்றிப் பேசும்போது யாரும் கடுக்காய் மரத்தை நினைப்பதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

பிறகு தோல் பதனிடக் குரோமியம் வந்தது. வாரங்களில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தோல் கொதிநீரையே தாங்கியது. அந்த வேகத்துக்கு விலை கொடுத்தது பாலாறு. தோல் கழிவு தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று. பட்டைத் தொட்டியின் கழிவுநீரும் சுத்தமானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் அமிர்தி வழியாக இறக்கம். ஒன்றரை டன் வண்டி 500 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அவ்வளவையும் பிரேக்கே வாங்கினால் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும். அதனால் கொண்டை ஊசி வளைவுகளில் செகண்ட் கியரிலேயே, இன்ஜின் முனக முனக இறங்கினோம்.

பெரியவரின் கத்தி அடிக்கடி நினைவுக்கு வந்தது. கடுக்காய் பட்ட இடமெல்லாம் நீலக்கறுப்பாக மை படிந்திருந்தது. டானினும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம். பழைய எழுத்து மைகளில் ஒரு வகை அதுவேதான். அவர் வேட்டியில் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டார்.