ஒப்பந்தத்தில் சேராத ஆலை

2013 செப்டம்பரில், நோக்கியாவின் கைபேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆப்பிளையும் சாம்சங்கையும் இந்தக் கூட்டணி அசைக்குமா என்று பங்குச்சந்தைகள் கணக்குப் போட்டன. நோக்கியாவின் ஆலை இருந்த ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டின் கவலை வேறு: நம்ம பிளான்ட் யார் கைக்குப் போகும்?

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு அது வெறும் ஆலை அல்ல. 2006-ல் உற்பத்தி தொடங்கி, 2011-க்குள் 50 கோடி கைபேசிகளைச் செய்து தள்ளிய இடம். உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு வேலை; பெரும்பாலும் இளம்பெண்கள். காவாந்தண்டலம், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குக் ‘கம்பெனி வேலை’ என்றொரு வழி திறந்ததில் சிப்காட் ஆலைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சீருடை, கம்பெனி பஸ், மாதம் பிறந்தால் சம்பளம்.

நோக்கியாவின் பங்குதாரர்கள் நவம்பரில் சம்மதித்தார்கள். அமெரிக்க நீதித்துறையும் ஐரோப்பிய ஆணையமும் டிசம்பரில் வழிவிட்டன. இங்கே குறுக்கே நின்றது வரி. ஃபின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று வருமானவரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது; சொத்துகளை முடக்கியது. ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்நாட்டிலேயே விற்றவை என்று தமிழக அரசு தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. ஆலையை மாற்ற 3,500 கோடிக்கு உத்தரவாதம் வேண்டும் என்ற நிபந்தனை 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றத்திலும் நிலைத்தது.

ஏப்ரல் 25-ல் கைமாற்றம் முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் அதில் இல்லை.

சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த முறையில் போன் செய்து கொடுத்தது ஆலை. அந்த ஆர்டரும் நின்றதும் நவம்பர் 1-ல் இழுத்து மூடினார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் விஆர்எஸ் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஓய்வு பெறும் வயதா அது? பலர் முப்பதைக்கூட எட்டவில்லை.

பழி முழுவதையும் வரித்துறை மேல் போடுவது சுலபம், சரியல்ல. தன் கைக்கு வந்த ஹங்கேரியின் கொமாரோம் ஆலையையே மைக்ரோசாஃப்ட் மூடியது. 2015 ஜூலையில் இந்த வியாபாரத்துக்காக 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. ஆண்ட்ராய்டு சந்தையை அள்ளிக்கொண்ட பிறகு, வரி வழக்கே இல்லாவிட்டாலும் இந்த ஆலைக்கு இன்னும் ஓரிரு வருடம் கிடைத்திருக்கும், அவ்வளவே.

இத்தகைய கைமாற்றங்களில் தொழிலாளர்களின் வேலையைச் சட்டம் கவனிக்கிறதா? இந்தியாவின் 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டம், இரு நிறுவனங்கள் சேரும்போது சந்தைப் போட்டி குலையுமா என்றுதான் பார்க்கிறது. தென்னாப்பிரிக்கச் சட்டம் வேலைவாய்ப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. அங்கே மாஸ்மார்ட்டை வால்மார்ட் வாங்கியபோது, நீக்கப்பட்ட 503 பேரை மறுபடி சேர்க்கும்படி 2012-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியொரு பிரிவு நம் சட்டத்திலும் வர வேண்டும்.

அடுத்த வாரம்: ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேரப்போன ஏர்செல், 2017-ல் பாதி வழியில் நின்ற கதை.