எழுதுகோலும் கமராவும்

கலையைப் படைப்போன் ஒருவன். அதன் குணங்குற்றங்களை ஆராய்ந்து கூறுவோன் மற்றொருவன் என்பது பொதுவாக நிலவும் எண்ணமாகும். சமைக்கத் தெரியாதவனுக்குச் சுவையைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு எனப் படைப்போர் வினவுவர். உண்போனுக்கன்றி வேறு எவர்க்கு அவ்வுரிமை உண்டு என ஆராய்வோர் விடையிறுப்பர். நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் இவ்வழக்கிலே, இரு பக்கத்திலும் நின்று சான்று பகரத்தக்கோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டுத் திரைப்பட நெறியாளராகிய பிரான்சுவா துரூபோ என்பார். பத்திரிகையிலே திரைப்பட விமரிசனம் எழுதிப் பிழைத்த இளைஞர் ஒருவர், குறும்படங்களைப் படியாகக் கொண்டு உலகம் போற்றும் நெறியாளராய் உயர்ந்தவாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துரூபோ 1932 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் பிறந்தார். பதினான்கு வயதளவிற் பள்ளிப் படிப்பு முற்றுப்பெற்றது. அதன்பின் அவருக்குக் கல்விக்கூடமாக அமைந்தவை பாரிஸ் நகரத்துப் படமாளிகைகளும் நூல்களுமேயாம். 1948 இல் அவர் தொடங்கிய திரைப்படக் கழகம் கடனில் மூழ்கியது. அவரும் சிறுவர் சீர்திருத்த இல்லமொன்றிற் சேர்க்கப்பட்டார். அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் அந்திரே பசின் என்னும் திரைப்பட அறிஞர். பின்னர்ப் படையிற் சேர்ந்து, அதனை விட்டோடிச் சிறைப்பட்டபோதும் மீட்டவர் அவரே. திக்கற்ற இளைஞன் ஒருவனிடத்தே மறைந்திருந்த ஆற்றலைக் கண்டுகொண்ட ஆசிரியர் பசின் என்பது மிகையாகாது.

பசினும் அவர்தம் நண்பரும் 1951 ஆம் ஆண்டு 'கையே து சினமா' என்னும் திங்கள் இதழை நிறுவினர். துரூபோவின் எழுத்து 1953 முதல் அதில் வெளிவரலாயிற்று. 1954 ஆம் ஆண்டு சனவரி இதழில் அவர் எழுதிய 'பிரெஞ்சுத் திரைப்படத்தின் ஒரு போக்கு' என்னுங் கட்டுரை பெரும் பூசலை விளைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றே. புகழ்பெற்ற நாவல்களைத் திரைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கதையாசிரியர்களே அக்காலத்துப் பிரெஞ்சுப் படவுலகிற் பேரிடம் பெற்றிருந்தனர். நாவலிற் படமாக்க இயலாதனவென்று தாம் கருதிய காட்சிகளை நீக்கி, அவற்றுக்கு ஈடாகப் புதியன புனைதல் அவர்தம் வழக்கம். ழான் ஒரான்சு என்பார் பெர்னானோசின் 'நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு' என்னும் நாவலை இவ்வாறே மாற்றி எழுதினார்; நாவலாசிரியர் அதனை ஏற்கவில்லை. பின்னர் 1951 இல் ரொபேர் பிரெசோன் அந்நாவலை அதன் இயல்பு கெடாமற் படமாக்கிக் காட்டினார். எனவே, இயலாமை நாவலில் இல்லை, மாற்றுவோரிடத்தே உள்ளது என்பது துரூபோவின் வாதம். படத்துக்கு ஆசிரியன் கதையை மாற்றி எழுதுவோன் அல்லன். காட்சியைக் கண்ணாற் கண்டு உருவாக்கும் நெறியாளனே என்னுங் கொள்கை அவ்வாதத்திற் கருக்கொண்டது.

எனினும், ஒரு கொள்கையைக் கூறுவது எளிது, நிறுவுவது அரிது. 'ஆர்' என்னும் வார இதழிலும் அவர் கடுமொழியால் எழுதிவந்தார். 1958 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவுக்குச் செல்லப் பத்திரிகையாளருக்குரிய அனுமதி அவருக்கு மறுக்கப்பட்டது. "நீர் செய்து காட்டுக" என்று எவரும் வாய்விட்டுக் கூறாவிடினும், அக்கேள்வி அவர் எழுத்தின் ஒவ்வொரு வரியையும் தொடர்ந்து நின்றது என்க.

அக்கேள்விக்கு விடையாக அமைந்தவையே குறும்படங்கள். முழுநீளப் படமொன்றை நெறிப்படுத்துவதற்குப் பெரும் பொருள் வேண்டும்; உதவியாளராய் நெடுங்காலம் படிப்படியாக உயர்தலும் வேண்டும். குறும்படத்துக்கோ சில நண்பரும், ஒரு கமராவும், ஒரு வீடும் போதும். 1954 இல் துரூபோ 'ஒரு வருகை' என்னும் சிறு படத்தை 16 மில்லிமீற்றர்ச் சுருளில் எடுத்தார். கமராவை இயக்கியவர் ழாக் ரிவெத் என்னும் சக விமரிசகர். படத்தைத் தொகுத்தவர் அலென் ரெனே. ரிவெத்து தாமும் 1956 இல் ஒரு குறும்படம் எடுத்தபோது, அது குளோத் சப்ரோல் என்னும் மற்றொரு விமரிசகரின் இல்லத்திலே படமாக்கப்பட்டது. இங்ஙனம் ஓர் இதழின் எழுத்தாளரே ஒருவர்க்கொருவர் தொழிலாளராயும் நடிகராயும் உதவினர். பத்திரிகை அலுவலகமே அவர்க்குப் பயிற்சிக்கூடமாயிற்று.

1957 ஆம் ஆண்டுக் கோடையிலே நீம் நகரிற் படமாக்கப்பட்ட 'குறும்பர்' என்பதே துரூபோவின் ஆற்றலை முதலில் வெளிப்படுத்தியது. மோரிஸ் பொன்சின் சிறுகதை ஒன்றைத் தழுவியது அது. அழகிய நங்கை ஒருத்தியிடம் இனம்புரியா ஈர்ப்புக் கொண்ட ஐந்து சிறுவர், அவளையும் அவள் காதலனையும் பின்தொடர்ந்து தொல்லை செய்கின்றனர். காதலன் மலையேறும்போது இறந்துபடுகின்றான். விளையாட்டாய்த் தொடங்கியது துயராய் முடிகின்றது. படத்தின் நீளம் அரைமணிக்கும் குறைவேயாம். அதன் பின்னணிக் குரலில் இலக்கிய மணம் வீசினும், மனத்தில் நிற்பன அக்குரலன்று. சிறுவர் தம் இயல்பில் ஓடியாடும் காட்சிகளேயாம். குழந்தைகளுக்குக் கதையைப் புகட்டுவதிலும், கதையைக் குழந்தைகளின் இயல்புக்கு வளைந்துகொடுக்கச் செய்வதே சிறந்தது என்னும் பாடம் இதனால் விளங்கும். எழுத்தினால் மட்டும் இப்பாடத்தைக் கற்றல் இயலாது.

அப்பாடத்தின் பயனை 'நானூறு அடிகள்' என்னும் முதல் முழுநீளப் படத்திற் காணலாம். இப்பெயர் அடிப்பதைக் குறிப்பதன்று; கட்டின்றித் திரிந்து குறும்பு செய்தலைக் குறிக்கும் பிரெஞ்சு மரபுத்தொடராகும். இதன் கதையும் முதலில் ஒரு குறும்படத்துக்கே கருதப்பட்டு, பின் விரிந்தது. உளநூல் அறிஞர் சிறுவனை வினவும் காட்சியில், ழான் பியர் லெயோ என்னும் சிறுவன் எழுதிக் கொடுத்த உரையாடலை ஒப்புவிக்காது தன் சொற்களாலேயே விடை கூறுகின்றான். எழுதி வைத்த வசனத்தின் ஆட்சியை எதிர்த்து எழுதிய விமரிசகரின் கொள்கை ஈண்டுச் செயலாயிற்று. படப்பிடிப்புத் தொடங்கிய 1958 நவம்பரிலேயே பசின் நாற்பதாம் வயதிற் காலமானார். அப்படம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. 1959 ஆம் ஆண்டு கான் விழாவில் அது சிறந்த நெறியாளருக்குரிய பரிசைப் பெற்றது. முந்திய ஆண்டு வாயிலில் மறுக்கப்பட்டவர், மறு ஆண்டு மேடையிலே ஏற்றப்பட்டார்.

இரு தொழிலையும் ஒருவரே மேற்கொள்வதில் இடர் இல்லையோ எனின், உண்டு. தம் நண்பரின் படத்தை நடுநிலையாய் நிறுப்பது அரிது. போட்டியாளரின் படத்தைப் பழிப்பது எளிது. துரூபோ இகழ்ந்த முதியோருட் சிலர், அவர் கூறிய அளவுக்குத் தாழ்ந்தவரல்லர் என்பதே பிற்காலத்தார் பலரின் துணிபு. நெறியாளரான பின் அவர் எழுத்தை விடவில்லை. ஆனால் அதன் திசை மாறியது. 1962 இல் அல்பிரட் ஹிச்கொக்கைப் பன்னாள் நேர்கண்டு, தொழில் நுணுக்கங்களை ஒவ்வொன்றாக வினவி, 1966 இல் நூலாக வெளியிட்டார். தீர்ப்புக் கூறியவர் வினாவத் தொடங்கினார். செய்து பார்த்தவன் கேட்கும் கேள்விகள் அவை. ஆதலின் அந்நூல் மாணாக்கர்க்குப் பெருந்துணையாயிற்று. 1984 ஆம் ஆண்டு, தம் ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

நம் ஈழநாட்டிலும் இவ்வழி நடந்தார் ஒருவர் உளர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் (1919–2018) 'ரைம்ஸ் ஒவ் சிலோன்' பத்திரிகையிற் பணியாற்றியவர். இலண்டனில் வாழ்ந்தபோது 1949 இற் குறும்படம் எடுத்தவர். 1952 இல் மீண்டுவந்து அரசாங்கத் திரைப்படப் பிரிவில் விவரணப் படங்கள் செய்தவர். 1956 இல் வெளிவந்த 'ரேகாவ' அப்பயிற்சியின் கனியேயாம்.

ஆகவே, ஆராய்தலும் ஆக்கலும் பகையல்ல என்பது தெளிவு. எழுதுகோல் எதனைக் காணவேண்டுமெனக் கற்பிக்கும். கமரா அதனைக் காட்டுதல் எத்துணை அரிதெனக் கற்பிக்கும். குறும்படம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பாலமாகும். அதிற் பிழைப்பினும் இழப்புச் சிறிது, கற்பது பெரிது. படம் பார்த்துக் குறை கூறும் மாணவ அன்பர், தாம் கூறிய குறையை ஐந்து நிமிடப் படத்திலேனும் நீக்கிக் காட்ட முயல்வாராயின், அவர்தம் சொல்லிற் பணிவும் வலிமையும் ஒருங்கே வளரும் என்பது திண்ணம்.