புல்வெளியில் 1,600 தொட்டிகள்

பார்த்தால் நம் மொட்டை மாடியில் நிற்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிதான். அகலம் மட்டும் கூடுதல். அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில், ஆண்டீஸ் மலையடிவாரத்து மலார்குவே ஊரைச் சுற்றி இப்படி 1,600-க்கும் மேற்பட்ட தொட்டிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை கிலோமீட்டர். இடையில் மாடுகள் பாட்டுக்கு மேய்கின்றன. 3,000 சதுர கிலோமீட்டரில் விரிந்த இந்தக் காவலுக்குப் பெயர் பியர் ஓஜே ஆய்வகம். 2004-லிருந்து பதிவு நடக்கிறது.

காவல் எதற்கு? விண்வெளியிலிருந்து வரும் அணுக்கருத் துகள்களில் மிக மூர்க்கமானவற்றைப் பிடிப்பதற்கு. 1991 அக்டோபர் 15 இரவு, அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பதிவான ஒரு துகளின் ஆற்றல் 32 கோடி கோடி லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டைத் தொட்டது. சுழற்பந்து வீச்சாளர் மணிக்கு 90 கிலோமீட்டரில் வீசும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் அது. அத்தனையும் ஒரே ஒரு துகளுக்குள். விஞ்ஞானிகளே வாயடைத்துப் போய் அதற்கு ‘அட கடவுளே’ துகள் என்று பெயர் வைத்தார்கள். (ஹிக்ஸ் போசானுக்கு வழங்கும் ‘கடவுள் துகள்’ என்ற பெயர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்த ரகத் துகள் ஒரு சதுர கிலோமீட்டரில் நூறாண்டுக்கு ஒன்று விழுந்தாலே அதிகம். தேடிப் போய்ப் பிடிக்க முடியாது. வலையை அகல விரித்துக் காத்திருக்கத்தான் வேண்டும். நல்லவேளை, துகள் தனியாக வருவதில்லை. வளிமண்டலத்தின் உச்சியில் காற்று அணுவில் மோதிச் சிதறி, சிதறியவை மறுபடி மோதி, தரைக்கு வரும்போது கோடிக்கணக்கான துகள்களின் மழையாகிப் பல கிலோமீட்டருக்குப் பொழிகிறது.

ஒவ்வொரு தொட்டியிலும் 12,000 லிட்டர் மிகத் தூய நீர், கும்மிருட்டு. நீருக்குள் ஒளி ஓடும் வேகத்தையும் மிஞ்சி ஒரு துகள் பாய்ந்தால், மெல்லிய நீல ஒளி மின்னி மறையும். மேலிருந்து மூன்று ஒளியுணர் குழாய்கள் அதைப் பிடித்துவிடுகின்றன. எந்தத் தொட்டி முதலில் மின்னியது, எது அடுத்தது என்ற நேரக்கணக்கிலிருந்து துகள் வந்த திசை தெரிகிறது. நிலவில்லாத தெளிந்த இரவுகளில் 27 தொலைநோக்கிகள் காற்றிலேயே அந்த மழையின் மங்கிய ஒளியைப் பார்க்கின்றன.

திசை தெரிந்தால் ஊர் தெரிந்துவிடுமா? அங்கேதான் சிக்கல். மின்னூட்டம் உள்ள துகள்; வழியிலுள்ள காந்தப் புலங்கள் அதை வளைத்துவிடுகின்றன. 2021 மே 27-ல் யூட்டாவில் சிக்கிய ‘அமாதெராசு’ துகளின் தடத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், விண்மீன் மண்டலங்கள் அருகிப்போன வெற்றுவெளிதான் நிற்கிறது. ஆனாலும் 2017-ல் ஓஜே குழு ஒன்றை உறுதியாகச் சொன்னது: ஆற்றலில் இவற்றுக்குக் கீழே நிற்கும் 30,000-க்கும் மேற்பட்ட துகள்களின் கணக்குப்படி, அவை நம் பால்வெளிக்கு வெளியிலிருந்து வருகின்றன. என்னைக் கேட்டால், ஆய்வகத்தின் மொத்தச் செலவுக்கும் அந்த ஒரு விடையே ஈடு.

எந்த உலை இவற்றை வார்க்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. தொட்டிகளின் தலையில் இப்போது புதிய உணர்விகளும் ரேடியோ ஆன்டெனாக்களும் ஏறியிருக்கின்றன. 2024 நவம்பரில் ஆய்வகத்தை நடத்தும் நாடுகள் இன்னும் பத்தாண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன.