செர்காமில் பிடிக்கும் பிரேக் கேமரன் மலையில் பிடிக்குமா?

செர்காம் - மலாக்காவிலிருந்து மூவார் செல்லும் கூட்டரசு சாலையில் உள்ள செர்காம், மெர்லிமாவ் வட்டாரம் பெரும்பாலும் சமதரை. கோயிலுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் காரில் பிரேக் பழுது இருந்தாலும் எளிதில் தெரிவதில்லை. பள்ளி விடுமுறையில் அதே காரில் குடும்பமே ஏறி கேமரன் மலைக்குப் போய், தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போதுதான் அது தெரியவரும்.

பேருந்தும் லோரியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போயாக வேண்டும். சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்கும்போது பிரேக் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அந்தப் பொறுப்பு முழுவதும் உரிமையாளருடையது.

காரின் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. குழாய் வழியே செல்லும் அழுத்தம், சக்கரத்திலுள்ள பிரேக் பேடை டிஸ்க்குடன் சேர்த்து இறுக்குகிறது. பல பழைய கார்களில் பின்சக்கரத்தில் டிரம்மும் பிரேக் ஷூவும் இருக்கும்.

இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்தால் அந்த அளவு 140 பாகை வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது சூடு ஏறி, எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. இதனால்தான், ஓட்டம் குறைவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை முழுவதும் மாற்றச் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியவை சில உண்டு. என்ஜின் பகுதியிலுள்ள எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. பேட் தேய்ந்திருக்கும் அல்லது எங்கோ கசிகிறது என்பதே அதன் பொருள். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக உள்ளதா, ரப்பர் குழாயில் வெடிப்பு உள்ளதா என்றும் பார்க்கலாம். பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

கப்சாய் மோட்டார் சைக்கிளில் முன் டிஸ்க் பிரேக் இருந்தால், கைப்பிடியருகே உள்ள சிறு கண்ணாடியில் எண்ணெய் அளவு தெரியும். அது கறுத்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

காலும் பல பழுதுகளைச் சொல்லிவிடும். பெடல் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கசிவு அல்லது மாஸ்டர் பம்ப் பழுது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. இரும்பு உரசும் ஓசை கேட்டால் பேட் தீர்ந்துவிட்டது. இவற்றில் எது தெரிந்தாலும் பட்டறைக்குப் போன பிறகே பயணம்.

எண்ணெய் வாங்கும்போது கிண்ணத்தின் மூடியில் எழுதியுள்ள வகையையே வாங்க வேண்டும். என்ஜின் எண்ணெயைத் தவறியும் ஊற்றக் கூடாது. அது உள்ளிருக்கும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பல நாள் திறந்து கிடந்த போத்தல் ஈரத்தை இழுத்திருக்கும், அதுவும் வேண்டாம். பிரேக் எண்ணெய் காரின் சாயத்தையும் அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

மலையில் இறங்கும்போது குறைந்த கியரில் வந்தால் என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆட்டோ கியர் காரிலும் 'டி'யிலேயே விடாமல் 'எல்' அல்லது '2'க்கு மாற்றலாம். பெடல் திடீரென ஏமாற்றினால் பதற்றப்படாமல் விட்டுவிட்டு மிதித்து, கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும்.

விடுமுறைக்குப் பெட்டி கட்டும் முன் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கடைசியாக அந்த எண்ணெயை எப்போது மாற்றினோம் என்பது நினைவில் இல்லை என்றால், முதலில் போக வேண்டிய இடம் பட்டறைதான்.