திறக்க மறுத்த ஏரி வரலாறு

பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் ஊர் ஏரிக்கு எத்தனை மதகு, எந்த மடையில் யாருக்கு முறைத்தண்ணீர், எந்த வருஷம் கரை உடைந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 1999-ல் டிடிபி கடையில் அடிக்கக் கொடுத்து, 64 பக்கப் புத்தகமாகப் போட்டார். அவர் போய்விட்டார். மறுபதிப்பு போடலாம் என்று, போன மாதம் பீரோவில் இருந்த சிடியை எடுத்துக்கொண்டு பக்கத்து டவுன் டிடிபி சென்டருக்குப் போனேன்.

உள்ளே இருந்தது பேஜ்மேக்கர் 6.5 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு. "இதையெல்லாம் விட்டுப் பல வருஷம் ஆச்சு சார். திறக்க இப்போ சிஸ்டமே இல்லை" என்றார் கடை அக்கா. கல்லூரியில் படிக்கும் அவர் மகள் தன் லேப்டாப்பில் லிபர் ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளை வைத்திருந்தாள். அதிலுள்ள 'டிரா'வில் கோப்பு திறந்தது. கட்டங்கள் இடம் மாறியிருந்தன. ஆனாலும் பக்கங்கள் வந்துவிட்டன.

எழுத்துதான் வரவில்லை. அது பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகள், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. 64 பக்கமும் அப்படித்தான்.

'இலவச ஆபீஸ் மென்பொருளை நம்பலாமா?' என்று இந்த இதழுக்கு எழுதக் கேட்டபோது, அந்தத் திரைதான் கண்முன் நின்றது.

"ஓசியில் கிடைப்பது உருப்படுமா?"

முதல் புகார் இது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர் வைத்துவிட்டோம். காசு வாங்காதது அதன் ஒரு பலன்தான். மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது என்பதே அதன் உயிர்.

லிபர் ஆபீஸின் கதையே இதற்குச் சாட்சி. ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்று வளர்ந்தது. 2000-ல் அதன் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டு ஓப்பன் ஆபீஸ் ஆனது. 2010-ல் உரிமையாளர் நிறுவனம் கைமாறியபோது, இனி என்ன ஆகுமோ என்று பயந்த நிரலாளர்கள் அதே நிரலை எடுத்துக்கொண்டு தனியே கிளம்பினார்கள். லிபர் ஆபீஸ் பிறந்தது. முதலாளி மாறியும் பயனாளி நடுத்தெருவில் நிற்கவில்லை. பேஜ்மேக்கருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு அது நின்றுபோனது.

"வேர்டு கோப்பு கலைந்துவிடுகிறது"

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நேரம் கலைப்பது எழுத்துரு. 'லதா' எழுத்துருவில் அடித்த மனுவை, லதா இல்லாத கணினியில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும். அகலம் மாறும், நாலு பக்க மனு ஐந்தாகும். லிபர் ஆபீஸின் ஃபைல் மெனுவில் பிராப்பர்ட்டீஸ் போய், எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்பினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். கையெழுத்துக்குப் போகிற கடைசிப் பிரதியைப் பிடிஎஃப் ஆக்கிவிடலாம்.

தோற்றம் பழசாக இருக்கிறது என்பவர்கள், வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸைச் சொடுக்கி 'டேப்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழகிய முகம் வந்துவிடும். எக்செல்லில் பெரிய மேக்ரோக்கள் எழுதி வைத்திருக்கும் கணக்குப் பிரிவினர், அவை இங்கே அப்படியே ஓடுமா என்று தயங்குவது நியாயமே.

"பெரிய இடங்களே கைவிட்டனவே?"

ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சுட்டுவார்கள். சுமார் 15,000 கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிவிட்டு, 2017-ல் பழைய வழிக்கே திரும்ப முடிவெடுத்தது. ஆனால் அதே நாட்டின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் 30,000 கணினிகளை லிபர் ஆபீஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. பக்கத்தில் கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷமாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி பழகுகிறார்கள்.

என் கவலை வேறு

மேலே சொன்னவை வசதி பற்றிய புகார்கள். நாம் எழுதியதை இருபது, முப்பது வருஷம் கழித்து யார் திறப்பார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கடையில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். புதிய கோப்பில் 'ஏரி மதகு' என்று, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் அடித்து, லிபர் ஆபீஸின் ஓடிடி வடிவத்தில் சேமித்தோம். அதன் பின்னொட்டை 'ஜிப்' என்று மாற்றித் திறந்தோம். உள்ளே சில சிறிய கோப்புகள். அவற்றில் 'கன்டென்ட்' என்று இருந்ததைச் சாதாரண நோட்பேடில் திறந்ததும், குறியீடுகளுக்கு நடுவே 'ஏரி மதகு' என்ற சொற்கள் தமிழிலேயே தெரிந்தன. ஆபீஸ் மென்பொருள் எதுவுமே தேவைப்படவில்லை.

இந்த ஓப்பன் டாகுமென்ட் வடிவம் 2006-லேயே சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. விதிகள் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன. நாளை இந்த மென்பொருளே மறைந்தாலும் படிக்கும் கருவியை இன்னொருவர் செய்துவிடலாம். வேர்டின் இன்றைய டாக்எக்ஸும் 2008-ல் தரமானது, அதையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்பார்கள். சரிதான். ஆனால் அதன் விதிப்புத்தகம் 6,000 பக்கத்தைத் தாண்டும். இன்னொருவர் முழுமையாகச் செய்வது பெரும்பாடு.

தமிழர்களுக்கு இந்தக் கவலை இரட்டிப்பு. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது. தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்தது 2010-ல். இடைப்பட்ட காலத்தில் கடைக்கு ஓர் எழுத்துரு, ஊருக்கு ஒரு குறியாக்கம். கோயில் தலவரலாறு, சிற்றிதழ், சங்கத்தின் மலர், சொந்தக்காரர் எழுதிய கவிதை என்று எத்தனையோ அந்தப் பூட்டுகளுக்குள் கிடக்கின்றன. சிடி கீறல் விழுந்து, அடித்துக் கொடுத்த கடையும் மூடியபின் அவற்றை யார் மீட்பது?

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சிடி இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். யூனிகோடுக்கு மாற்றி, ஓடிடியில் ஒரு பிரதி, பிடிஎஃபில் ஒரு பிரதி வையுங்கள்.

பெரியப்பாவின் பக்கங்களை எழுத்துருமாற்றியில் போட்டு எடுத்தோம். பாதிக்கு மேல் சுத்தமாக வந்தது. மற்ற இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. அச்சுப் புத்தகத்தை ஒப்பிட்டு அக்கா வரிவரியாகத் திருத்துகிறார். ஆனால் அந்தப் பிரதியிலும் கடைசி இரண்டு தாள்கள் செல்லரித்துவிட்டன. கரை உடைந்த வருஷம் அதில்தான் இருந்தது. சிடியில் இருந்து மீண்டு வந்த பக்கத்தில் அது இருக்கிறது.