பின்பலகையைத் திருப்பிப் பாருங்கள்

தியாகராய நகரிலும் கோடம்பாக்கம் பாலத்துக்கு அந்தப் பக்கமும், வீட்டில் ஓர் அறையையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி வேலை செய்யும் கிட்டார் கலைஞர்கள் இன்று பலர். சினிமாப் பின்னணி இசைக்கும் விளம்பரத்துக்கும் சுயாதீனப் பாடல்களுக்கும் கனத்த டிஸ்டார்ஷன் கேட்கப்படுகிறது. அதற்காக அவர்கள் தேடுவது ஹை-கெயின் வால்வு ஆம்ப். 1981இல் வந்த மார்ஷல் ஜேசிஎம் 800, 1987இல் வந்த சொல்டானோ எஸ்எல்ஓ-100, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த பீவி 5150, மெசா பூகி டூயல் ரெக்டிஃபையர் ஆகியவையும் அவற்றின் வழிவந்தவையும்தான் இன்றுவரை பேச்சில் அடிபடுகின்றன. புதிதாக வாங்கினால் லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். இவ்வளவு பணம் போடுமுன் எது கனமாக ஒலிக்கிறது, எது பதிவில் தெளிவாக நிற்கிறது என்று மாதக்கணக்கில் ஒப்பிடுகிறார்கள். அந்த அக்கறையில் குறையில்லை. ஆனால் ஒப்பிட வேண்டிய வேறொன்று கவனிக்கப்படாமலே போகிறது. நேர்மையாகச் சோதித்தால், இரண்டு நல்ல ஆம்ப்களுக்கு நடுவே ஒலியில் இருக்கும் வித்தியாசம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. முறையான பில்லும் எர்த்தும் இறக்குமதியாளர் முகவரியும் உள்ள ஆம்புக்கும், அவை இல்லாத ஆம்புக்கும் உள்ள வித்தியாசமோ மிகப் பெரியது. சில வேளை உயிர் சம்பந்தப்பட்டது.

முதலில் ஒலி. சத்தம் கூடும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் கூடுதலாக உணர்கிறது. சத்த அளவுக்கு ஏற்பக் காதின் உணர்திறன் மாறுவதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டினார்கள். ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் கூடினால் கேட்பவருக்கு ‘சத்தம் கூடுது’ என்று தோன்றாது, ‘இது நல்லா இருக்கு’ என்றுதான் தோன்றும். ஆகவே இரண்டு ஆம்ப்களின் சத்தத்தையும் அளந்து சமமாக்காமல் நடத்தும் ஒப்பீடு எதையும் நிரூபிப்பதில்லை. அடுத்தது ஸ்பீக்கர் கேபினெட்டும் மைக்கும். ஸ்பீக்கர் கூம்பின் நடுவிலிருந்து மைக்கை ஓர் அங்குலம் விளிம்புப் பக்கம் நகர்த்தினால் கீச்சொலி மங்கி ஒலி கனக்கும். அந்த மாற்றம் பல சமயம் ஆம்பையே மாற்றியதைவிடப் பெரிதாகக் கேட்கும். கடையில் ஓர் ஆம்ப் ஒரு கேபினெட்டிலும் மற்றது வேறொரு கேபினெட்டிலும் ஒலித்தால் நாம் ஒப்பிட்டது கேபினெட்டைத்தான். ஒரே கிட்டார், ஒரே வயர், ஒரே கேபினெட், ஒரே இடத்தில் மைக், சமமாக்கிய சத்தம்: இந்த ஐந்தையும் கேட்பது வாங்குபவரின் உரிமை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம், திறன், அளவு பற்றிய தகவலைப் பெறும் உரிமையைப் பெயர் சொல்லியே தருகிறது. லட்ச ரூபாய்ப் பொருளுக்கு அரை மணி நேரச் சோதனை கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

வாட் கணக்கும் பலரை ஏமாற்றுகிறது. 100 வாட் ஆம்ப் 50 வாட்டைவிட இரு மடங்கு சத்தம் என்பது தவறு. வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஹை-கெயின் கேபினெட்டுகளில் பரவலாக உள்ள செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கரின் உணர்திறன், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல். ஒரே ஒரு வாட் போதும், அறை அதிர. 100 டெசிபலில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம் என்பது அமெரிக்காவின் தொழிற்சூழல் நல ஆய்வு நிறுவனமான நியாஷ் தரும் கணக்கு. 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். காது போனால் எந்த நுகர்வோர் ஆணையமும் அதைத் திருப்பித் தர முடியாது.

சத்தம் நம் காதோடு நிற்பதுமில்லை. தி.நகரின் பெரிய சாலைகள் வணிகப் பகுதி. அவற்றின் பின்னால் உள்ள தெருக்கள் அடுக்ககங்கள் நிறைந்த குடியிருப்பு. ஒலி மாசு விதிகள் 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றும், வணிகப் பகுதிக்கு 65, 55 என்றும் வரம்பு வைத்திருக்கின்றன. தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அறைக்குள் 110 டெசிபல் ஒலித்தால், சாதாரண மரக்கதவு சுமார் 25 டெசிபலைத் தடுத்தாலும் மாடிப்படியில் 85 கேட்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் காவல் துறையைக் கூப்பிட்டால் அது அவருடைய சட்டப்படியான உரிமை; அதை இசைக்கு எதிரான கோபம் என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. ஆம்பை ஸ்பீக்கருக்குப் பதில் லோட் பாக்ஸில் இணைத்துக் கணினியில் பதிவு செய்வது இதற்கு நல்ல வழி. ஓம் அளவு மட்டும் பொருந்த வேண்டும். ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகலாம். அதைத் தவறான பயன்பாடு என்று சொல்லி வாரண்டியையும் மறுப்பார்கள்.

இனி ஆம்பைத் திருப்பிப் பின்பலகையைப் பாருங்கள். மின்வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எழுத்துவரி இருக்கும். நம் நாட்டுக்கானது என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குச் செய்யப்பட்டதில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். ஜப்பானுக்குச் செய்யப்பட்டதில் 100 வோல்ட். அதை நம் சுவர் ப்ளக்கில் நேராகச் செருகினால் ஃப்யூஸ் போகும். யாராவது பெரிய ஃப்யூஸ் போட்டு வைத்திருந்தால் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரே போகும். ‘ஸ்டெப்-டவுன் போட்டுக்கலாம் சார்’ என்பது கடையில் கேட்கும் வழக்கமான சமாதானம். அது வோல்ட்டேஜை இறக்கும், 60 ஹெர்ட்ஸை 50 ஆக்குவதால் வரும் சூட்டை இறக்காது. இதைவிட மோசமான ஆபத்தும் உண்டு. மலிவான ஸ்டெப்-டவுன் பெட்டிகள் பலவற்றில் வெளிவரும் சாக்கெட்டுக்கு இரண்டு துளைதான். மூன்றாவது பின்னான எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. பழைய கட்டடங்களில் சுவர் ப்ளக்கிலேயே எர்த் இல்லாததும் உண்டு. கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால், கம்பியைத் தொட்டிருக்கும் கைதான் அதற்கு வழி. 1972இல் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் கீத் ரெல்ஃப், வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தபோது எர்த் இல்லாத கருவியால் இறந்தார். ‘ஹம்’ சத்தம் போக எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. அது கூடவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியை அறைக்குப் போட ஆகும் செலவு, ஒரு நல்ல டிஸ்டார்ஷன் பெடலின் விலையைவிடக் குறைவு.

எர்த் பின்னை வெட்டுவதால் உயிர் மட்டுமல்ல, உரிமையும் போகும். குறையுள்ள பொருளால் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் இழப்பீடு கோர 2019 சட்டம் ‘பொருள் பொறுப்பு’ என்றொரு தனி அத்தியாயமே தந்திருக்கிறது. தயாரித்த நிறுவனம் யாரென்று தெரியாவிட்டாலோ, அது இந்தியச் சட்டத்துக்கு உட்படாததாக இருந்தாலோ, விற்ற கடைக்காரரே பொறுப்பு என்று 86ஆம் பிரிவு சொல்கிறது. குருவிகள் வழியாக, அதாவது பயணிகளின் பையில் சரக்காக, வந்த பொருளை விற்பவர் ‘கம்பெனியைக் கேளுங்க’ என்று கைகழுவ முடியாது. ஆனால் அடுத்த பிரிவே, பொருள் மாற்றப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ விற்றவர் மீது இந்த வழக்கு நிற்காது என்கிறது. வெட்டிய எர்த் பின் அவருடைய முதல் சாட்சியாகும்.

பில் விஷயத்துக்கு வருவோம். ‘பில் வேணாம்னா இந்த விலைக்குத் தரேன்’ என்ற பேரம் தி.நகருக்குப் புதிதல்ல, பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியும் புதிதல்ல. இரண்டுமே சட்டத்தின் கண்ணில் தவறு. பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே கணக்கில் வரும். அச்சடித்த வரி சட்டத்தை வெல்லாது. அட்டைப்பெட்டியையும் படிக்க வேண்டும்: இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவை ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது பொட்டலப் பொருள் விதிகள் 2011. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி எந்த வழியாக வந்திருக்கும் என்பதை யூகிக்கலாம். பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி, அந்தந்த நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கியதற்கு மட்டுமே செல்லும். வால்வுகள் தேயும் பொருள் என்பதால் அவற்றுக்கு வாரண்டி பொதுவாகக் குறுகிய காலம்தான். எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது.

‘நான் இதில் சம்பாதிக்கிறேன், வணிக நோக்கத்துக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை என்று சொல்லிவிடுவார்களே’ என்பது தொழில்முறைக் கலைஞர்களின் நியாயமான ஐயம். இதற்கு விடை கோயம்புத்தூரோடு தொடர்புள்ள ஒரு வழக்கில் இருக்கிறது. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி எஞ்சினியரிங் வொர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தை நுகர்வோர் அல்ல என்றது. ஆனால் அதே தீர்ப்பு, சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்துபவர், துணைக்கு ஓரிருவரை வைத்திருந்தாலும், நுகர்வோர்தான் என்று தெளிவாக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் அதில் வரும் எடுத்துக்காட்டு. இன்றைய சட்டத்திலும் இந்த விளக்கம் இருக்கிறது. தன் அறையில் தானே வாசித்துப் பதிவு செய்யும் கலைஞருக்கு இது பொருந்தும். பல ஊழியர்களை வைத்து நடக்கும் பெரிய ஸ்டூடியோவுக்குப் பொருந்துவது கடினம். அதனால் பில் தனிநபர் பெயரில் இருப்பதும், புகாரில் ‘என் பிழைப்புக்காக நானே பயன்படுத்துகிறேன்’ என்ற வாக்கியம் இருப்பதும் முக்கியம்.

‘ஒலி சரியில்லை என்பதை எப்படி நிரூபிப்பது’ என்ற கேள்வி இன்னும் கடினமானது. ரசனை குறையாகாது, பிடிக்கவில்லை என்பதற்காக எந்த ஆணையமும் பணம் வாங்கித் தராது. ஆனால் சட்டத்தில் குறை என்பது, ஒப்பந்தத்தின்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்தில் உள்ள எந்தக் குறைபாடும்தான். ஆகவே கடைக்காரர் சொன்னது எழுத்தில் இருந்தால் அதுவே ஆதாரமாகிறது. ‘230 வோல்ட் மாடல், புதியது, நான்கு 6எல்6 வால்வு, லைன்-அவுட் வேலை செய்கிறது’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியில் கேட்டு, ‘ஆமாம்’ என்ற பதிலைப் பத்திரப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது. வாங்கிய அன்றே சீரியல் எண்ணையும் பின்பலகையையும் படம் எடுங்கள். குறையை ஆய்வில்லாமல் தீர்மானிக்க முடியாது என்றால், ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்கலாம். நீங்களோ தெருமுனை மெக்கானிக்கோ முன்கூட்டியே திறந்திருந்தால் அந்த ஆய்வு வலுவிழக்கும். திறப்பது ஆபத்தும்கூட: வால்வு ஆம்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், சுவிட்சை அணைத்த பிறகும் கப்பாசிட்டர்களில் அது தங்கும்.

கோர்ட்டு அலைச்சலுக்குப் பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டம் சொல்லும் மூன்று மாதம், ஆய்வு இருந்தால் ஐந்து மாதம் என்ற கெடுவில் வழக்குகள் எல்லாம் முடிவதில்லை என்பது உண்மைதான். அதற்காகத் தொடங்காமலே இருக்க வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாலே கடை இறங்கிவருவது உண்டு. வராவிட்டால் எழுத்தில் ஒரு நோட்டீஸ், பிறகு மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஆம்பை மும்பைக் கடையில் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். இணையம் வழியாகவும் பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அடையாறில் இயங்கும் சி.ஏ.ஜி. போன்ற நுகர்வோர் அமைப்புகள் 1980களிலிருந்தே இந்தத் துறையில் வேலை செய்கின்றன. வழி கேட்க அங்கும் போகலாம்.

விலை குறைவு என்பதற்காகக் குருவிச் சரக்கையே நம்பியிருக்கும் இளம் கலைஞரின் நெருக்கடி பொய்யல்ல. அவருக்கு என் யோசனை, பில்லோடு ஒரு சிறிய ஆம்ப் அல்லது வால்வு ஆம்பின் ஒலியை டிஜிட்டலில் போலச்செய்யும் மாடலர். 2011இல் கெம்பர் என்ற டிஜிட்டல் ஆம்ப் வந்த பிறகு, பதிவில் வால்வையும் டிஜிட்டலையும் பிரித்தறிவது தேர்ந்த காதுக்கும் எளிதாக இல்லை. வாசிக்கும்போது விரலுக்குத் தெரியும் வித்தியாசம் சிலருக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. அது பாதுகாப்பை விலையாகக் கொடுத்து வாங்கும் அளவுக்குப் பெரிதல்ல. இரண்டாம் கையாக வாங்குபவருக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. கடையில் வாங்கினால் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். சக கலைஞரிடம் நேரடியாக வாங்கினால் அவர் வணிகர் இல்லை. நுகர்வோர் ஆணையம் கிடையாது, 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் சிவில் நீதிமன்றமும்தான். அங்கே பார்த்து வாங்கும் பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவருடையது. எனவே பணத்தை வங்கி வழியாக அனுப்புதல், சீரியல் எண்ணோடு இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள், முடிந்தால் அவருடைய பழைய பில்லின் நகல், எர்த் உள்ள ப்ளக்கில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்தல் ஆகியவை முடிந்த பிறகே ஆம்பை ஆட்டோவில் ஏற்றுங்கள்.