பழைய வண்டி: எதை வாங்குவது?

மகன் மோட்டார் சைக்கிள் கேட்கிறானா? பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் சற்று நில்லுங்கள், பெற்றோர்களே!

கவாசாக்கி கே.எக்ஸ்., கே.எல்.எக்ஸ். 150 இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால், கே.எக்ஸ். பந்தயத் திடலுக்கென்றே செய்த மோட்டோகிராஸ். விளக்கில்லை, பின்னால் ஆளை ஏற்ற முடியாது, சாலை வரியும் காப்புறுதியும் எடுக்க முடியாது. சாலையில் விபத்தென்றால் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில்! ஓடிய மணிக்கணக்குப்படி பிஸ்டனும் மாற்றவேண்டும். மலிவு விலை அதிலேயே கரைந்துவிடும்.

கே.எல்.எக்ஸ். 150 டிரெயில் வண்டி. தோட்டத்துச் செம்மண் பாதையிலும் ஓடும். விளக்கோடு பட்டணத்துக்கும் போகும். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இதுவே ஏற்றது.

இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்!